முன்பல் தேர்வில் முக அளவுகள்: பயனும் எல்லையும்

பற்கள் அனைத்தையும் இழந்தவர்க்குச் செயற்கைப் பல்தொகுதி அமைக்கையில், முன்பற்களின் அகலத்தை முடிவுசெய்வது கடினமான பணியாகும். பற்கள் இருந்த காலத்து ஒளிப்படமோ வார்ப்போ கிடைக்காதபோது முக அளவுகளே துணைநிற்கின்றன.

இவற்றுள் பெரிதும் வழங்குவது இரு கன்ன எலும்புகளுக்கு இடைப்பட்ட முக அகலமாகும். இதனை 16ஆல் வகுத்தால் மேல்தாடை நடு வெட்டுப்பல்லின் அகலமும், 3.3ஆல் வகுத்தால் மேல்தாடை முன்பற்கள் ஆறின் மொத்த அகலமும் பெறப்படும். முக அகலம் 132 மி.மீ. எனில், அவை முறையே 8.25 மி.மீ., 40 மி.மீ. ஆகும். மூக்கின் பக்க விளிம்புகளிலிருந்து கீழ்நோக்கி வரையப்படும் இணைகோடுகள் கோரைப்பற்களின் இடத்தை ஏறத்தாழக் காட்டும்.

பல்லின் வடிவம் முகத்தின் தலைகீழ் வடிவை ஒத்தது என ஜே. லியோன் வில்லியம்ஸ் 1914இல் முன்வைத்த கருத்தைப் பிற்கால ஆய்வுகள் பலவும் உறுதிசெய்யவில்லை. அகல விகிதங்களும் மக்கள் குழுக்களுக்கேற்ப வேறுபடுகின்றன. அளவுகோல் தோலின்மீது அழுந்துவதாலும் பிழை நேரும். முக அகலத்தில் 3.3 மி.மீ. பிழை, ஆறு பற்களின் அகலத்தில் 1 மி.மீ. மாற்றத்தை உண்டாக்கும்.

எனவே, முக அளவால் தொடக்கத் தேர்வைச் செய்து, மெழுகில் பதித்த பற்களை வாயில் பொருத்தி, உதட்டசைவு, பேச்சு, நோயாளியின் விருப்பம் ஆகியவற்றை நோக்கி இறுதிசெய்வதே தக்க முறையாகும்.