ரசீதுதான் நமக்கு வாய்



நுகர்வோர் பாதுகாப்பு என்று பேச்சை எடுத்தாலே, "அதெல்லாம் டவுன்காரங்க சமாச்சாரம். நாம விளைவிக்கிறவங்க, நமக்கு அதுல என்ன இருக்குது?" என்று உங்களில் பலர் நினைக்கலாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விளைந்ததை விற்பது வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோதான். விதை, உரம், பூச்சி மருந்து, பம்பு செட்டு சாமான், மாட்டுத் தீவனம் என்று கடைக்குப் போய் வாங்குவதோ வருஷம் பூராவும். அப்படியானால் நாமும் நுகர்வோர்தானே?

ஒரு விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். குறுவைக்கு விதை நெல் வாங்குகிறார். நாற்று விட்டு, நட்டு, களை எடுத்து, உரமும் போட்டாயிற்று. கதிர் வருகிற சமயத்தில் பார்த்தால், பாதிப் பயிர் பூத்து நிற்கிறது. மீதிப் பயிர் இன்னும் பூட்டை கட்டவே இல்லை. வயல் முழுக்கக் கலவன். கடைக்காரரிடம் போய்க் கேட்கிறார். "உங்க வயல்ல தண்ணி சரியில்லை" என்று பதில் வருகிறது. "ரசீது இருக்குதா?" என்று நாம் கேட்டால் அவர் தலையைக் குனிந்துகொள்கிறார். "பழைய பாக்கி நிக்கும்போது ரசீது எப்படிங்க கேக்கிறது?" என்கிறார்.

இந்த ஒரு வார்த்தையில் விஷயம் அத்தனையும் அடங்கியிருக்கிறது. கடன் சொல்லி வாங்குகிறவருக்கு வாய் இல்லை. வாய் இல்லாதவர்கள் ஒன்றுசேர்ந்து வாய் திறந்ததுதான் நுகர்வோர் இயக்கம்.

நம்ம தாத்தா காலத்தில் இந்தத் தொல்லை இவ்வளவு கிடையாது. விதை நெல்லை வீட்டிலேயே கோட்டை கட்டி வைத்தார்கள். இல்லாவிட்டால் பக்கத்து ஊர்க்காரரிடம் மாற்றிக்கொண்டார்கள். விதை பழுதென்றால், கொடுத்தவரைக் களத்திலோ கோயில் வாசலிலோ பார்த்து முகத்துக்கு நேரே கேட்கலாம். ஊர் நியாயத்துக்கு அவரும் கட்டுப்பட்டார். இன்றைக்கு விதை எங்கோ வெளி மாநிலத்தில் மூட்டையாகி, இரண்டு மூன்று கை மாறி, நம்ம ஊர்க் கடைக்கு வருகிறது. செய்தவர் முகம் நமக்குத் தெரியாது. நம்ம முகம் அவருக்குத் தெரியாது. தூரம் கூடினால் பொறுப்பு குறைகிறது. இது ஒரு வேர். கடன் இன்னொரு வேர்.

இந்த இரண்டு வேரும் இங்கிலாந்தில் வெகு காலத்துக்கு முன்பே ஓடியிருந்தன. ஆலைகள் பெருகி, ஜனங்கள் நகரங்களில் குவிந்த காலம் அது. ரொட்டி வெள்ளையாகத் தெரிவதற்குப் படிகாரம் கலந்தார்கள். ஒரு தடவை கொதித்த தேயிலையை உலர்த்திச் சாயம் ஏற்றி மறுபடி விற்றார்கள். சில ஊர்களில் கடையும் முதலாளியுடையதே. கூலியை எதிர்பார்த்துக் கடன் சொல்லி வாங்கும் தொழிலாளி என்ன கேட்க முடியும்? ராச்டேல் என்ற ஊரில் நெசவாளிகளும் மற்றத் தொழிலாளிகளுமாக 28 பேர் சேர்ந்தார்கள். வாரா வாரம் சில காசு சேர்த்து, ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டு, 1844 டிசம்பர் 21-ஆம் தேதி சொந்தமாக ஒரு சின்னக் கடை திறந்தார்கள். சரக்கு என்னவென்றால் வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவர்த்தி, அவ்வளவுதான். கலப்படம் கிடையாது, எடை குறையாது, கடனும் கிடையாது. வரும் லாபத்தை, அவரவர் வாங்கிய அளவுக்குத் தக்கபடி பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்த வழியில் வந்ததுதான் நம்ம சென்னை திருவல்லிக்கேணியில் 1904-இல் தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கமும். அங்கே கூட்டுறவு முதலில் வந்தது. கலப்படத்தைத் தடுக்கும் உறுதியான சட்டம் 1875-இல்தான் வந்தது. ஜனங்கள் முன்னே போனார்கள், சட்டம் பின்னே வந்தது.

நம்ம நாட்டிலும் அப்படித்தான். 1965, 1966-ஆம் வருஷங்களில் மழை பொய்த்துத் தானியத் தட்டுப்பாடு வந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தட்டுப்பாடு வந்தால் கூடவே பதுக்கலும் கலப்படமும் வரும். பம்பாயில் 1966-இல் ஒன்பது பெண்கள் சேர்ந்து நுகர்வோருக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். 1972-இல் விலைவாசி ஏறியபோது, அதே நகரத்துக் குடும்பப் பெண்கள் மிருணாள் கோரே போன்றவர்கள் தலைமையில் தட்டும் பூரிக்கட்டையும் ஏந்தித் தெருவுக்கு வந்தார்கள். இப்படிப் பல ஊர்களில் எழும்பிய குரல்தான் 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமாக வந்தது.

அதற்கு முன்னால் சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஸ்டாம்பு செலவு, வக்கீல் செலவு, வருஷக் கணக்கில் வாய்தா. ஒரு மூட்டை விதைக்காக யார் போவார்கள்? 1966-ஆம் வருஷத்து விதைச் சட்டம் தப்பு செய்த வியாபாரியைத் தண்டிக்கும். ஆனால் நஷ்டப்பட்ட விவசாயி கையில் ஒரு ரூபாய் கொடுக்க அதில் வழி இல்லை. அந்தக் குறையை 1986-ஆம் வருஷத்துச் சட்டம் தீர்த்தது. இப்போது அதன் இடத்தில் 2019-ஆம் வருஷத்துப் புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

இருந்தாலும் விதைக்காரர்கள் லேசில் விடவில்லை. அன்றைய ஆந்திரப் பிரதேசத்து விவசாயிகள் சிலர், விதை சரியில்லை, விளைச்சல் போச்சு என்று மாவட்ட மன்றத்தில் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். விதை கொடுத்தது தேசிய விதைக் கழகம். வழக்கு படிப்படியாக உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. "விதையைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லையே, குறை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று எதிர்த்தரப்பு வாதம் செய்தது. வாங்கின விதை முழுவதையும் விதைத்துவிட்ட விவசாயி பரிசோதனைக்கு எதை அனுப்புவார்? 2012 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. விவசாயியும் நுகர்வோர்தான், பரிசோதனைக்கென்று விதையை எடுத்து வைக்கும்படி அவரை எதிர்பார்க்க முடியாது, விதைச் சட்டம் இருப்பதால் நுகர்வோர் மன்றத்தின் கதவு மூடிவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நஷ்ட ஈடு நிலைத்தது.

ஆனால் ஒன்றை மனசில் வைக்க வேண்டும். மகசூல் குறைந்தால் எல்லாமே விதைக் குற்றம் ஆகிவிடாது. மழை, பூச்சி, தண்ணீர், பட்டம் தப்பிய விதைப்பு எல்லாம் காரணமாகலாம். குறை விதையில்தான் என்று காட்டும் ஆதாரம் நம் கையில் இருக்க வேண்டும். அதற்கு என்ன செய்வது?

முதலாவது, ரசீது இல்லாமல் விதை வாங்காதீர்கள். கடனுக்கு வாங்கினாலும் ரசீது கேளுங்கள். பாக்கி வேறு, ரசீது வேறு. ரகத்தின் பெயர், குவியல் எண், தேதி, விலை நாலும் அதில் இருக்கட்டும்.

இரண்டாவது, மூட்டையில் உள்ள அட்டையைப் பாருங்கள். சான்று விதைக்கு நீல அட்டை. ஆதார விதைக்கு வெள்ளை அட்டை. சான்று நெல் விதைக்கு முளைப்புத் திறன் குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும். காலாவதித் தேதியையும் பாருங்கள். அட்டையையும் சாக்கையும் அறுவடை முடியும் வரை வீசிவிடாதீர்கள்.

மூன்றாவது, விதைக்கும் முன்னால் நூறு விதையை எண்ணி, நனைத்த சாக்கில் சுருட்டி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று பாருங்கள். கோர்ட்டு கேட்காவிட்டாலும், இரண்டு கை விதையைத் தனியாக முடிந்து வைப்பது நமக்குத்தான் நல்லது.

நாலாவது, பயிரில் கோளாறு தெரிந்தால் உழுது போட்டுவிடாதீர்கள், அறுத்தும் விடாதீர்கள். வேளாண்மை விரிவாக்க மையத்துக்கும் விதை ஆய்வாளருக்கும் எழுத்து மூலமாகத் தெரிவித்து, அவர்கள் வயலை நேரில் பார்த்து அறிக்கை தரும்படி கேளுங்கள். கடைக்காரருக்கும் ஒரு பதிவுத் தபால் போடுங்கள்.

இதற்குப் பிறகும் நியாயம் கிடைக்கவில்லை என்றால், இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சத்துக்கு மேல் போகாவிட்டால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். ஒரே குவியல் விதையால் பத்துப் பேருக்கு நஷ்டம் என்றால், பத்துப் பேரும் சேர்ந்தே போங்கள். ராச்டேலில் அந்த 28 பேரும் அதைத்தான் செய்தார்கள்.

கடைக்காரர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல சரக்கு விற்கும் நாணயமான வியாபாரி ரசீது எழுத யோசிக்க மாட்டார். அவருக்கும் அது பாதுகாப்புத்தான். தயங்குகிறார் என்றால், தயங்க வேண்டியது நாம்.

நாளைக்குக் கடைக்குப் போகும்போது, மூட்டையைத் தூக்கும் முன்னால் ஒரு வார்த்தை கேளுங்கள்: "ரசீது போட்டுடுங்க." முதல் தடவை சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். ஊரே கேட்க ஆரம்பித்துவிட்டால் கூச்சம் போய்விடும்.