போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்: எது நீடிச்சு உழைக்கும்?

வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளை நினைச்சுக்கோங்க. கம்பியைத் தள்ளி, பிடியைக் கீழே மடக்கினா பூட்டிக்கும். வேட்டைக்குப் பயன்படும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளும் அடிப்படையில் அதேதான். பிடியைத் தூக்கி போல்ட்டைப் பின்னால் இழுத்தால் காலி கேஸ் வெளியே விழும். முன்னால் தள்ளி மடக்கினால் அடுத்த தோட்டா சேம்பருக்குள் ஏறும். போல்ட்டில் துருத்தி நிற்கும் லக்குகள் ரிசீவரில் மாட்டிக்கொள்ளும்.

ஆனா தாங்க வேண்டிய சுமை வேற. .30-06 தோட்டாவுக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் 60,000 பிஎஸ்ஐ, சுமார் 414 மெகாபாஸ்கல். கேஸின் அடி விட்டம் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்க, நாலரை டன்னுக்கு மேல வருது! கேஸ் சுவரின் தடிமனும் உராய்வும் இதில் ஒரு பங்கைக் குறைக்கும். இருந்தாலும் இதெல்லாம் சுடுபவரின் கன்னத்துக்குப் பக்கத்திலேயே நடக்குது. (நம்ம நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக் காலம் முடிஞ்சது. நமக்கு இங்கே ஆர்வம் இயந்திரத்துல மட்டும்தான்.)

விளம்பரங்களைப் பார்த்தா எடை, துல்லியம், ட்ரிக்கர் எவ்வளவு லேசு, இதைத்தான் ஒப்பிடுவாங்க. ஒரு சாதாரண வேட்டைக்காரர் வருஷத்துக்குச் சில டஜன் தோட்டா சுட்டாலே அதிகம். பேரல் தேய்வதற்கோ ஆயிரக்கணக்கில் சுடணும். அதனால தேய்மானம் அவருக்குப் பெரிய பிரச்சினையே இல்லை. அழுக்கு, குளிர், சரியில்லாத எஃகு, கிடைக்காத உதிரி பாகம், இந்த நாலுதான் ரைஃபிளைக் கைவிட வைக்கும்.

முதல்ல அழுக்கு. ஜெர்மனியின் பால் மவுசர் வடிவமைத்து 1898-ல் அந்த நாட்டு ராணுவம் ஏற்ற மவுசர் 98-ல், போல்ட்டின் பக்கவாட்டில் நீளமாக ஒரு ஸ்பிரிங் எஃகுப் பட்டை இருக்கும். அதுதான் எக்ஸ்ட்ராக்டர். மேகசினிலிருந்து தோட்டா மேலே எழும்போதே அதன் நகம் கேஸின் விளிம்பைப் பிடிச்சுக்கும், வெளியே எறியும் வரை விடாது. சூட்டில் விரிஞ்சு ஒட்டிக்கிட்ட கேஸையும் அகலமான அந்த நகம் இழுத்துடும். பதற்றத்தில் போல்ட்டைப் பாதி தூரம் இழுத்துட்டு மறுபடி தள்ளினாலும், ரெண்டு தோட்டா ஒண்ணா முட்டிச் சிக்காது. எதிரே காட்டெருமை வந்துக்கிட்டு இருக்கும்போது இதோட அருமை தெரியும்.

1962-ல் வந்த ரெமிங்டன் 700 வேறு வழியில் போனது. இதில் போல்ட் தோட்டாவைச் சும்மா தள்ளிக்கிட்டுப் போகும், கடைசியில்தான் பிடிக்கும். எக்ஸ்ட்ராக்டர், போல்ட் முகத்தின் உள்விளிம்பில் உட்காரும் ஒரு சின்னத் துண்டு. நகம் சின்னது, பிடியும் கம்மி. ஆனால் பலன் இன்னொரு இடத்தில் இருக்கு: கேஸின் அடியைச் சுற்றிப் போல்ட் முகம், பேரல், ரிசீவர் என மூன்று எஃகு வளையங்கள். கேஸ் கிழிஞ்சா வாயு முகத்துப் பக்கம் பாயாமல் இவை தடுக்கும். ரிசீவர் உருளை வடிவம் என்பதால் லேத்திலேயே பெரும்பகுதி வேலை முடிஞ்சிடும்; மவுசருக்கோ மில்லிங் வேலை எக்கச்சக்கம். அமெரிக்க ராணுவத்தின் எம்-24, மரைன் படையின் எம்-40 ரெண்டுமே இந்த 700-ஐ வச்சுச் செஞ்சவைதான். அதனால "மலிவு, ஆகவே மட்டம்" என்று சொல்லிட முடியாது.

வின்செஸ்டர் இதே சிக்கனத்தை 1964-ல் செய்தபோது கதை வேற மாதிரி போச்சு. 1936-லிருந்து விற்ற மாடல் 70-இல் மவுசர் பாணி நகத்தை எடுத்துட்டாங்க. வாங்குறவங்க மன்னிக்கவே இல்லை. 'பிரீ-64' என்பது இன்றைக்கும் பழைய ரைஃபிளுக்குக் கூடுதல் விலை கேட்கும் சொல். 1990-களில் நகத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாச்சு.

அடுத்தது எஃகு. இங்கே வடிவமைப்பைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு 1903, மவுசரின் பாணியைப் பின்பற்றிய நல்ல வடிவமைப்பு. 1917-ல் சில ரிசீவர்கள் உடைந்து சிதறின. விசாரிச்சா, காய்ச்சும் எஃகின் வெப்பத்தை அனுபவசாலித் தொழிலாளிகள் நிறத்தைப் பார்த்தே கணிச்சிருக்காங்க. நல்ல வெயில் நாளில் சிவந்த எஃகு மங்கலாத் தெரியும், அதனால இன்னும் காய்ச்சுவாங்க. மேகமூட்ட நாளுக்கும் வெயில் நாளுக்கும் 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை வித்தியாசம் வந்திருக்கு! அளவு மீறிச் சூடான எஃகு கண்ணாடி மாதிரி நொறுங்கும். பைரோமீட்டர் வச்சாங்க, 1918-ல் இரட்டை வெப்பப் பதப்படுத்தலுக்கு மாறினாங்க. ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையின் 8,00,000-க்குக் குறைந்த வரிசை எண் கொண்டவற்றைச் சுட வேண்டாம் என்று இப்பவும் எச்சரிப்பாங்க. பார்வைக்கு நல்லதும் கெட்டதும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்.

குளிருக்குக் கனடாவின் ரேஞ்சர்கள்தான் சரியான உதாரணம். ஆர்க்டிக் பகுதியிலும் தொலைதூரக் கிராமங்களிலும் காவல் சுற்றும் இவர்கள், பனிக்கரடியிடமிருந்து தப்பிக்கவும் ரைஃபிள் வச்சிருக்கணும். மைனஸ் 40 டிகிரியில் எண்ணெய் கெட்டியாகி போல்ட்டைப் பிடிச்சுக்கும். இடைவெளி இறுக்கமா இருந்தா துளி பனி போதும், நகராது. 1947-லிருந்து இவர்களிடம் இருந்தது லீ-என்ஃபீல்டு நம்பர் 4. அதன் லக்குகள் போல்ட்டின் பின்பக்கம். சுடும்போது போல்ட் முழுக்க அமுங்கும் என்பதால் விறைப்பு குறைவு, புத்தகப்படி மவுசரைவிட ஒரு படி கீழேதான். ஆனால் தளர்வான பொருத்தமும் குறைவான போல்ட் நகர்வும் பனியில் கைகொடுத்தன. 70 வருஷம் ஓடுச்சு.

கடைசியில் அதை நிறுத்தியது குளிர் இல்லை, உதிரி பாகம். தயாரிப்பு எப்பவோ நின்னுபோச்சு. 2018-லிருந்து ஃபின்லாந்தின் டிக்கா டி3எக்ஸை அடிப்படையா வச்சுக் கனடாவிலேயே செய்த சி-19 வந்தது: மரத் தகடுகளை ஒட்டிச் செய்த சிவப்புக் கட்டை, கையுறையோடு பிடிக்கிற பெரிய போல்ட் குமிழ், விரல் நுழையும் அகலமான ட்ரிக்கர் வளையம். உரிமம் உள்ள ரேஞ்சர்கள் பழைய லீ-என்ஃபீல்டைத் தங்களிடமே வச்சுக்கலாம் என்றும் அரசு சொன்னது.