மறுப்பை எழுத்தில் கேளுங்கள்

இடவப்பாதி மழை வலுத்திருந்த ஓர் இரவில், எங்கள் கிளையின் வாடிக்கையாளர் ஒருவர் நாகர்கோவிலில் உறவினர் வீட்டுத் திருமணத்தை முடித்துக்கொண்டு திருவனந்தபுரத்திற்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். களியக்காவிளையையும் நெய்யாற்றின்கரையையும் கடந்து பாலராமபுரத்தை நெருங்கியபோது, எதிரே வந்த வண்டிக்கு வழிவிட ஒதுங்கிய கார் சாலையோரச் சுவரில் மோதியது. அவருக்குச் சிராய்ப்புகளே. அருகில் அமர்ந்திருந்த மனைவிக்குத் தோள் எலும்பு முறிந்தது. மறுநாளே அவருடைய மகன் காவல் நிலையத்தில் விபத்தைப் பதிவுசெய்து சான்று பெற்றார். (இங்கே ‘ஜி.டி. என்ட்ரி’ என்றால்தான் எல்லோருக்கும் விளங்கும்.) காப்பீட்டு நிறுவனத்திற்குத் தகவல் சொல்லும் நினைவு, மனைவியை மருத்துவமனையிலிருந்து வீட்டிற்கு அழைத்துவந்த ஆறாம் நாளில்தான் அவருக்கு வந்தது.

அவர் வலியசாலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். காருக்கு எங்கள் கிளையில் கடன் பெற்றிருந்தார். மூன்று மாதங்கள் கழித்துக் கோப்புடன் எங்கள் முன் வந்து அமர்ந்தபோது, முதலில் அவர் கேட்டது காப்பீட்டைப் பற்றி அன்று. “வண்டியே ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது. ஓடாத வண்டிக்குத் தவணை எதற்கு, சார்?” என்றார். மூன்று தவணைகளை அவர் செலுத்தியிருக்கவில்லை.

சர்வேயர் வந்து காரைப் பார்த்துச் சென்றிருந்தார். அதன்பின் ஓர் ஆவணம் கேட்டார்கள், கொடுத்தார். மற்றொன்று கேட்டார்கள், அதையும் கொடுத்தார். பிறகு தொலைபேசியில், “தாமதமாகத் தெரிவித்ததால் கிளெய்ம் முடிக்கப்பட்டுவிட்டது” என்றார்கள். ஒர்க்‌ஷாப்போ, நாள் வாடகை தராவிட்டால் காரை வெளியே தள்ளிவிடுவோம் என்றது. அந்தக் கோப்பு முழுவதையும் புரட்டிப் பார்த்தபின் நாங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: நிறுவனம் மறுத்ததை எழுத்தில் தந்திருக்கிறதா?

தரவில்லை. இப்படி வருகிறவர்களில் பலரிடமும் அந்த ஒரு தாள் இருப்பதில்லை. தொலைபேசியில் சொல்லப்பட்ட மறுப்பை எதிர்த்து எங்கும் முறையிடுவது கடினம். எழுத்தில் மறுப்பு வந்துவிட்டால் அதில் காரணம் இருக்கும், பாலிசியின் எந்த நிபந்தனையின்படி மறுக்கிறார்கள் என்பது இருக்கும், தேதியும் இருக்கும். முறையீட்டிற்கான காலக்கெடு அந்தத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கும்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஜூன் மாதம் வெளியிட்ட பொதுக் காப்பீட்டுச் சுற்றறிக்கை வாடிக்கையாளருக்குப் பெரிதும் துணை நிற்பது. தகவல் கிடைத்த 24 மணி நேரத்திற்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அறிக்கை கிடைத்த 7 நாட்களுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். ஆவணம் இல்லை என்பதற்காக மட்டும் கிளெய்மை நிராகரித்தல் கூடாது. ஆசிரியரின் கோப்பில் இந்தக் கெடுக்கள் அனைத்தும் என்றோ கடந்துபோயிருந்தன.

தாமதம் என்னும் காரணத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். விபத்தை உடனே தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை எல்லா பாலிசிகளிலும் உண்டு, அதில் தவறில்லை. விபத்தை இட்டுக்கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆயினும், தவிர்க்க இயலாத காரணத்தால் நேர்ந்த தாமதத்தைக் காட்டி உண்மையான கிளெய்மை இயந்திரத்தனமாக நிராகரிக்கக் கூடாது என்று ஆணையம் 2011 செப்டம்பர் 20 அன்றே சுற்றறிக்கை விடுத்தது. லாரித் திருட்டு வழக்கொன்றில், எட்டு நாள் தாமதத்தைக் காரணம் காட்டிய நிராகரிப்பை உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் ஏற்க மறுத்தது. ஆசிரியரிடம் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் குறிப்பும் மறுநாளே பெற்ற ஜி.டி. சான்றும் இருந்தன. ஆறு நாள் தாமதத்தை விளக்க அவ்விரண்டே போதும். ஆனால், அவ்விரண்டையும் நிறுவனத்திற்கு அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நிறுவனமும் கேட்கவில்லை.

ஆவணம் கேட்டே காலம் கடத்துவதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2022 மே 20 அன்று அளித்த தீர்ப்பு ஒன்று உண்டு. 2013 மார்ச்சில் லாரி ஒன்று திருடுபோனது. நேஷனல் இன்சூரன்ஸ் நிறுவனம் பதிவுச் சான்றின் சான்றிட்ட நகலைக் கேட்டது. வண்டி திருடுபோனதாகப் பதிவானதால் கணினியில் விவரங்கள் பூட்டப்பட்டுவிட்டன என்று கூறி, போக்குவரத்து அலுவலகம் நகல் தர மறுத்தது. உரிமையாளரால் எவ்வழியிலும் பெற முடியாத ஒரு தாளுக்காக ஒன்பது ஆண்டுகள் வழக்கு நடந்தது. நீதிபதிகள் எம்.ஆர்.ஷா, பி.வி.நாகரத்னா அமர்வு, பிரீமியத்தைப் பெற்றுக்கொண்ட நிறுவனம் இத்தனை தூரம் சடங்குத்தனமாக நடந்துகொள்ளலாகாது என்று கண்டித்து, 12 லட்ச ரூபாயை 7 விழுக்காடு வட்டியுடன் தருமாறு ஆணையிட்டது. ஆதலால், கேட்கப்படும் ஆவணம் உங்களால் பெற இயலாதது என்றால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். ஏன் இயலவில்லை என்பதை எழுதி அனுப்பி, அனுப்பியதற்கான அத்தாட்சியைப் பாதுகாத்து வையுங்கள்.

நிறுவனத்தின் பக்கமே நியாயம் இருக்கும் நேரங்களும் உண்டு. 2007 டிசம்பரில் டெல்லி இந்தியா கேட் அருகே விபத்துக்குள்ளான போர்ஷே கார் வழக்கில், ஓட்டியவர் மது அருந்தியிருந்தார் என்பதால் இழப்பீடு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. தற்காலிகப் பதிவு காலாவதியான வண்டியை ஓட்டியவர்களும் அங்கே தோற்றிருக்கிறார்கள். பழைய கார் வாங்குகிறவர்கள் 14 நாட்களுக்குள் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்காவிட்டால், சொந்த வண்டியின் சேதத்திற்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம். இத்தகைய கோப்புகளில் எங்களால் ஆறுதல் மட்டுமே சொல்ல முடிகிறது.

தொகை குறைகிறது என்ற மனக்குறைகளில் பெரும்பகுதி தேய்மானக் கழிவால் வருபவை. ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 விழுக்காடு கழிப்பார்கள், கண்ணாடிக்குக் கழிவில்லை, உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு கூடும். 12,000 ரூபாய் பம்பருக்கு 6,000 ரூபாய் கிடைத்தால் அது ஏமாற்று அன்று. தேய்மானமில்லாக் கூடுதல் காப்பை எடுக்கவில்லை என்பதே பொருள். ஆனால் அதற்கும் மேலே குறைத்திருந்தால், சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். அந்த அறிக்கையே இறுதிச் சொல் அன்று என்பதை உச்ச நீதிமன்றம் 2009இல் தெளிவாக்கியிருக்கிறது. ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சிட்ட ரசீதில் கையொப்பமிடும் முன், ஆட்சேபணை இருந்தால் அதையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.

ஆசிரியரின் கார் பழுதுபார்க்கக் கூடியதாய் இருந்தது. பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது முழுச் சேதம். அப்போது வங்கியும் கணக்கில் வருகிறது. ஆர்.சி.யிலும் பாலிசியிலும் வங்கியின் பெயர் இருப்பதால் தொகை முதலில் கடனுக்கே வரவு வைக்கப்படும். ஷோரூம் விலை 8 லட்சமுள்ள காருக்கு 8 லட்சமே கடன் பெற்று, ஏழாண்டுத் தவணையில் 9.5 விழுக்காடு வட்டியில் செலுத்துவதாகக் கொள்வோம். இரண்டாண்டு முடிவில் நிலுவை ஏறத்தாழ 6.2 லட்சம். மூன்றாம் ஆண்டில் காப்பீட்டு மதிப்போ 5.6 லட்சம்தான். கார் போன பிறகும் 60,000 ரூபாய் கடன் மிஞ்சும். ஏழாண்டுக் கடனை எளிதாக வழங்கும் நாங்கள் இக்கணக்கைக் கடன் தரும் நாளிலேயே சொல்வதில்லை என்பது எங்கள் குறைதான்.

ஆசிரியர் எங்கள் கிளையிலேயே அமர்ந்து, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினார். விபத்து நடந்த தேதி, தகவல் தந்த தேதி, தாமதத்தின் காரணம், இணைப்புகள் ஆகியவை மட்டும், வசைச்சொல் ஒன்றுமில்லை. (முதல் வரைவில் நிறைய இருந்தது.) ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளத்திலும் பதிவுசெய்தோம், 155255 என்ற எண்ணிலும் இதைச் செய்யலாம். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை. அதன்பின் கொச்சியிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் புகார் சென்றது. கேரளத்தவருக்குக் கொச்சி, தமிழ்நாட்டவருக்குச் சென்னை. கட்டணமில்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆம்புட்ஸ்மேனின் தீர்ப்பை 30 நாட்களுக்குள் நிறைவேற்ற நிறுவனம் கடமைப்பட்டது. தீர்ப்பில் நிறைவில்லையெனில் வாடிக்கையாளர் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஆனால் அங்கே முதலில் சென்றுவிட்டால் ஆம்புட்ஸ்மேன் அந்தப் புகாரை ஏற்கமாட்டார். நுகர்வோர் ஆணையத்திற்கு இரண்டாண்டு அவகாசம் உண்டு. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். ஆசிரியர் அவ்வழியைத் தேர்ந்திருந்தால், வலியசாலையிலிருந்து வழுதக்காடு வரை சென்றாலே போதுமாயிருந்தது.

அதற்குத் தேவை ஏற்படவில்லை. விசாரணைக்கு நாள் குறித்த கடிதம் வந்த மறுவாரமே நிறுவனம் தாமதக் காரணத்தைக் கைவிட்டு, தேய்மானம் போக மீதியைச் செலுத்தியது. ஒர்க்‌ஷாப்பின் நாள் வாடகை மட்டும் அவர் தலையிலேயே விழுந்தது. கார் இப்போது மறுபடியும் நாகர்கோவிலுக்கு ஓடுகிறது. தவறிய மூன்று தவணைகளையும் அவர் செலுத்திவிட்டார். ஆனால் அத்தவறுகள் சிபில் அறிக்கையில் 36 மாதங்கள் தெரியும். மகனின் வீட்டுக் கடனுக்கு இணைக் கடனாளியாகக் கையொப்பமிட அவர் வந்த அன்று, அதை நாங்களே அவருக்குக் காட்ட வேண்டியதாயிற்று.