மதியச் சோறு எங்கே சாப்பிடணும், மேடம்?

அரூர் வட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. பிளஸ் டூ மாணவர்கள் முன் அரை மணி நேரம் பேசி முடித்திருந்தேன். வேதியியல் படித்தால் என்னென்ன வேலைக்குப் போகலாம், மேற்படிப்பு எங்கெங்கே இருக்கிறது என்று பலகை நிறைய எழுதியிருந்தேன். "ஏதாவது கேளுங்க" என்றதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"காலேஜ்ல மதியச் சோறு எங்க உக்காந்து சாப்பிடணும், மேடம்?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவள் வீட்டில் ஒருவரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. டிபன் பாக்ஸை எங்கே வைத்துத் திறப்பது என்றுகூடத் தெரியாத இடத்துக்கு, மூன்று வருடம் தினமும் வந்து போ என்று சொல்லிக்கொண்டிருந்தேன் நான்.

அந்த ஜூலையில் விசாரித்தேன். அவள் எங்கும் சேரவில்லை. பிற்பகல் ஷிப்டில்தான் இடம் கிடைத்ததாம். வகுப்பு முடிந்து வந்தால் ஊருக்குக் கடைசி பஸ் போய்விடும் என்று அப்பா நிறுத்திவிட்டார். பலகை நிறைய எழுதிய நான் பஸ் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தர்மபுரி மாவட்டத்து அரசு கலைக் கல்லூரி ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். உயர்கல்வியில் தமிழ்நாடு முன்னால் நிற்கிறது என்பதில் எனக்கும் பெருமைதான். ஒன்றிய அரசின் 2021-22 கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயது மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் உயர்கல்விச் சேர்க்கை இந்திய அளவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். ஆனால் எங்கள் மலையோரப் பள்ளிகளுக்குப் போகும்போதெல்லாம், அந்த 47க்கு வெளியே நிற்கும் முகங்கள்தான் கண்ணில் படுகின்றன.

உதவிகள் இருக்கின்றன. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. கல்லூரியில் சேரும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. வழிகாட்டுவதற்கு 'நான் முதல்வன்', 'கல்லூரிக் கனவு' இருக்கின்றன. பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராதவர்களைத் தேடிப்பிடிக்க 'உயர்வுக்குப் படி' முகாம்கள்கூட நடக்கின்றன. இவ்வளவுக்குப் பிறகும் பிள்ளைகள் எங்கே நழுவுகிறார்கள்? நான் பார்த்தவரை மூன்று இடங்களில்.

முதலாவது, பத்தாம் வகுப்பு முடிந்ததும் எடுக்கும் குரூப். "ஃபார்மசி சேரணும் மேடம்" என்று ஒரு பையன் ஆசையோடு வந்தான். அவன் எடுத்திருந்தது அக்கவுண்ட்ஸ் குரூப். கூட்டாளிகள் சேர்ந்தார்கள், அவனும் சேர்ந்துவிட்டான். அந்தக் கதவு சாத்திக்கொண்டதை அவனிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதன்பிறகு ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குத்தான் முதலில் போகிறேன். பிளஸ் டூ வகுப்புக்குப் போவதும் தேவைதான். ஆனால் அதற்குள் பாதி முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கும்.

இரண்டாவது, தேதிகளும் தாள்களும். திருவாரூரில் 2009 முதல் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே சேர 2022 முதல் க்யூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் பொதுத்தேர்வுப் பரபரப்பில் இருக்கும்போதே அதற்கு விண்ணப்பிக்கும் நாள் பெரும்பாலும் கடந்துவிடுகிறது. மே மாதம் ரிசல்ட் வந்தபின் கேட்டு வருபவர்களிடம் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்ல நாக்கு எழுவதில்லை.

சான்றிதழ்களும் அப்படித்தான். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. சித்தேரி மலையிலிருந்து வரும் பழங்குடிப் பிள்ளைக்கு சாதிச் சான்று தருபவர் கோட்டாட்சியர். அதற்காக மலையிறங்கி அரூர் வர வேண்டும். அப்பாவுக்கு ஒருநாள் கூலி போகும்; ஒருநாளில் வேலை முடியாவிட்டால் மறுநாளும் போகும். அதனால் பிளஸ் ஒன்னிலேயே சான்றுகளுக்கு விண்ணப்பிக்கச் சொல்லிக் கையோடு பட்டியல் கொடுத்துவிடுகிறோம்.

மூன்றாவது, அந்தக் கோடை விடுமுறை. தேர்வு முடிந்த மறுவாரமே பையன்கள் பெங்களூரு கட்டட வேலைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் பஸ் ஏறிவிடுகிறார்கள். "ரெண்டு மாசம்தான் மேடம்" என்பார்கள். முதல் சம்பளத்தில் வீட்டுக் கடன் கொஞ்சம் அடையும். இரண்டாவது சம்பளம் வரும்போது ஜூலை பிறந்திருக்கும். அதற்குமேல் அவனைக் கூப்பிடுவது அந்த வீட்டு அடுப்பில் கை வைப்பதுபோல. அதனால் ஏப்ரலிலிருந்தே ஒரு நோட்டில் பெயரும் இரண்டு போன் நம்பரும் எழுதி வைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை பேசுகிறோம்.

பேசுவது நான் இல்லை, என் மாணவர்கள். இதை எனக்குக் கற்றுத் தந்தது என் சொந்த ஊர். நான் பத்தாவது படித்தபோது ஒரு கல்லூரியின் என்.எஸ்.எஸ். மாணவிகள் ஏழு நாள் முகாமுக்கு வந்து எங்கள் பள்ளியிலேயே தங்கினார்கள். கோயில் குளத்தைத் தூர்வாரினார்கள். சாயங்காலம் புளியமரத்தடியில் ஒரு அக்கா தன் ரெக்கார்டு நோட்டைப் பிரித்துக் காட்டினாள். பியூரெட், பிப்பெட் எல்லாம் பென்சிலில் அவ்வளவு அழகாக வரைந்திருந்தாள். "எங்கம்மாவும் களையெடுக்கத்தான் போறாங்க" என்றாள். அதுவரை கல்லூரி என்பது வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள் போகிற இடம் என்றே நினைத்திருந்தேன். அன்று ராத்திரி அம்மாவிடம், "நானும் போகட்டுமா?" என்று கேட்டேன்.

நாங்கள் மேடையில் நின்று சொல்வது அறிவுரையாகத்தான் போய்ச் சேரும். இரண்டு வருடம் முன்புவரை அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவோ அண்ணனோ வந்து, எந்த பஸ்ஸில் ஏறினேன், முதல் மாதம் ஆங்கிலத்தில் பாடம் நடத்தியபோது எப்படி அழுதேன், எந்த மாதத்தில் புரிய ஆரம்பித்தது என்று சொல்லும்போதுதான் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஒவ்வொரு கல்லூரியும் தன் மாணவர்களை அவரவர் படித்த பள்ளிக்கே திருப்பி அனுப்பினால் போதும். அதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். பஸ் செலவும், வருகைப்பதிவில் ஒரு நாள் சலுகையும் கொடுத்தால் நடக்கும்.

ஒவ்வோர் ஆண்டும் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை எங்கள் கல்லூரிக்கு அழைத்து வருகிறோம். வந்ததும் நேராக நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போகிறேன். மூன்றாமாண்டு மாணவிகள் தங்கள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து, "இங்கதான் சாப்பிடுவோம், வாங்க" என்று பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள். புளிச்சோறு கைமாறுகிறது. ஆய்வகத்துக்கு அதன்பிறகுதான் போகிறோம்.