மூளையின் ஆணையும் கணிப்பொறிப் பாவனையும்

ஸ்ரீ விஜயபுரம் (2024 வரை போர்ட் பிளேர்) நகரைச் சேர்ந்த பத்துபஸ்தி முதலான தெற்கு அந்தமான் ஊர்களில் தென்னையும் கமுகும் ஓங்கி வளர்கின்றன. மரமேறுவோர் தவறி விழுந்து கழுத்தெலும்பு முறிந்தால், உள்ளிருக்கும் தண்டுவடம் சிதைந்து கைகால்கள் செயலிழந்துவிடக்கூடும். எனினும் மூளை பழுதடைவதில்லை. கையை அசைக்கவேண்டும் என்னும் ஆணை அங்கே பிறந்துகொண்டேயிருக்கிறது. அது செல்லும் வழி மட்டுமே அறுபட்டுப் போகிறது. அவ்வாணையை மூளையிலேயே அறிந்து, இயந்திரத்திற்கு உணர்த்தும் சாதனமே மூளை-கணிப்பொறி இணைப்பாகும்.

2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், கைகால் செயலிழந்த ஒருவரின் மூளையில் 96 மின்முனைகள் கொண்ட சிறு தகடு பொருத்தப்பட்டது. அவர் எண்ணத்தாலேயே திரையிலிருந்த குறியை நகர்த்தினார்.

எவ்வளவு நேரம் எண்ணுவது?

மூளையின் இயக்கப் பகுதியிலுள்ள நரம்பணுக்கள் பலவும், கை தத்தமக்குரிய ஒரு திசையில் செல்லும்போது மிகுதியாகத் துடிக்கின்றன. கணிப்பொறி ஒவ்வொரு சிறு காலப்பகுதியிலும் இத்துடிப்புகளை எண்ணி, நோயாளி விரும்பிய அசைவைக் கணக்கிடுகிறது. காலப்பகுதி குறுகினால் துடிப்புகள் சில; கணக்கில் பிழை மிகும். நீண்டால் பிழை குறையும். ஆனால் குறி தாமதித்தே நகரும். இவற்றுள் எது மேல்?

முன்னர்ப் பதிவு செய்த துடிப்புகளைக் கொண்டு ஆராய்ந்தோர், 100 முதல் 300 மில்லி செகண்டு வரை ஏற்றது என்றனர். ஆனால் பதிவேடு பிழையைக் கண்டு தன்னைத் திருத்திக்கொள்வதில்லை, மனிதனோ திருத்திக்கொள்கிறான். இவ்வேறுபாட்டை அறிய ஒவ்வொரு முறையும் மண்டையோட்டைத் திறத்தல் இயலாது. ஆகவே பாவனைப் பரிசோதனை தோன்றிற்று.

பாவனை நிகழும் முறை

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கிருஷ்ணா ஷெனாய் (1968–2023) குழுவினர் 2011-இல் வெளியிட்ட முறை இது. உடல்நலமுள்ள ஒருவர் கையை அசைக்கிறார். அவ்வசைவை அளந்து, அதற்கேற்ற செயற்கைத் துடிப்புகளைக் கணிப்பொறி உண்டாக்குகிறது. அத்துடிப்புகளிலிருந்து கணக்கிட்ட குறியே திரையில் தோன்றுகிறது. அது விலகினால் அவர் கையைத் திருப்பிச் சரிசெய்கிறார்.

விளைவு எதிர்பாராதது. 25 முதல் 50 மில்லி செகண்டு வரையிலான குறுகிய காலப்பகுதியே சிறந்ததெனத் தெரிந்தது. பின்னர்க் குரங்கின் மூளையோடு இணைத்த கருவியும் இதனை உறுதிப்படுத்திற்று.

பள்ளியில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இதன் காரணத்தைக் கணிப்பொறியின்றியே விளக்கலாம். கண்ணைக் கட்டிய மாணவனைக் கோட்டின்மீது நடக்கச் செய்க. மற்றொருவன் அடிக்கொரு தரம் ‘இடம்’, ‘வலம்’ என்று விரைந்து சொல்லட்டும். அடுத்த முறை, விலகலைக் கோல்கொண்டு அளந்து, பத்தடிக்கொரு தரம் மட்டுமே சொல்லட்டும். நுட்பமாயினும் காலந்தாழ்ந்து வரும் செய்தியைவிட, சிறிது பிழையிருப்பினும் உடனுக்குடன் வரும் செய்தியே நடப்பவனைக் கோட்டில் நிறுத்தும்.

பாவனையின் எல்லை

பாவனையில் கலந்துகொள்பவர் தம் கை இருக்குமிடத்தை உணர்கிறார். செயலிழந்த நோயாளிக்கு அவ்வுணர்வு இல்லாதிருக்கலாம். பழகப்பழக மூளையின் துடிப்புகளும் மாறும். ஆகவே பாவனை, தகாத அமைப்புகளை முன்னதாகவே விலக்க உதவுமேயன்றி, இறுதிச் சோதனைக்கு ஈடாகாது.

மூளைக்குள் பொருத்தும் இக்கருவிகள் இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளன. களப்பணியாளர் இதனை நோயாளியின் குடும்பத்தாருக்கு மறைக்காது கூறுதல் வேண்டும். மரத்திலிருந்து விழுந்தவரின் கழுத்தையும் முதுகையும் வளைக்காமல், பலகையில் கிடத்தி மருத்துவமனை சேர்ப்பதே இன்று தண்டுவடத்தை மேலும் சிதையாமற் காக்கும் வழியாகும்.