கடல் தாண்டிய பாட்டும் திருச்சி வழியாகப் போன சனங்களும்

2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' யூடியூபில் மட்டும் 40 கோடித் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டிருக்கிறது. ராப் பாடகர் அறிவு எழுதி, பாடகி தீயும் அவரும் பாடி, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தயாரித்த பாட்டு. கனடாத் தமிழர்கள் தொடங்கிய மாஜா நிறுவனம் வெளியிட்டது. பிரெஞ்சு இசைக்கலைஞர் டி.ஜே. ஸ்நேக் அதை ரீமிக்ஸ் செய்தார். தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாதவர்களை இந்தப் பாட்டு எப்படிப் பிடித்தது? "பீட் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் நல்ல பீட்டோடு எத்தனையோ தமிழ்ப் பாட்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை திருச்சி மினிபஸ்ஸைத் தாண்டிப் போவதில்லை.

காரணம் நாட்டுப்புறப் பாட்டின் கட்டுமானத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். அது மேடைக்கு எதிரே உட்கார்ந்து ரசிப்பதற்காகப் பிறந்ததில்லை, கூடிப் பாடுவதற்காகப் பிறந்தது. நடவு வயலில் ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் குனிந்த முதுகு நிமிராமலே அதைத் திருப்பிப் பாடுவார்கள். ஒரே அடி நாலு முறை வரும்போது, அன்றைக்குத்தான் வேலைக்கு வந்தவளும் சேர்ந்துகொள்ள முடியும். குலவைக்கு அர்த்தம் கேட்பாரில்லை. ஒப்பாரியிலோ சொல் தீர்ந்த பிறகும் இழுப்பு நிற்காது, துக்கம் அந்த இழுப்பில்தான் இருக்கிறது. 'எஞ்சாமி'யில் பறவை கூவுவது போன்ற தீயின் பல்லவியும், அறிவு ராப்பிலிருந்து ஒப்பாரிக்குச் சரியும் இடமும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. ஐரோப்பாவிலும் இதற்குச் சாட்சி உண்டு. செக் நாட்டின் வெஸ்னா என்ற பெண்கள் குழு, ஸ்லாவிய நாட்டுப்புறக் கூட்டுக்குரலைப் பாப் இசையோடு கலந்து, நான்கு மொழிகளில் பாடி, 2023 யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் பத்தாம் இடம் பிடித்தது. அத்தனை மொழியும் புரிந்து கேட்டவர்கள் சொற்பமாகத்தான் இருப்பார்கள்.

கேட்டவர்களில் பெரும்பாலோர் இங்கே இருப்பவர்களும் புலம்பெயர்ந்த தமிழர்களும்தானே, இதில் அயலார் எங்கே வந்தார்கள் என்று கேட்கலாம். எண்ணிக்கையைப் பொறுத்தவரை நியாயமான கேள்விதான். பாட்டை முதலில் சுமந்து போனவர்கள் நம்மவர்களே. ஆனால் தமிழ் தெரியாத ஒருவர் அதை எடுத்து ரீமிக்ஸ் செய்ததற்கு ஊர்ப்பாசம் காரணமாக இருக்க முடியாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஓசையை மட்டும் கேட்டு ஆடுகிறவருக்கு அதிலுள்ள வரலாறு போய்ச் சேருமா? சேராது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து பிறந்த பாட்டு இது என்கிறார் அறிவு. அந்த வரலாற்றில் திருச்சிக்கு நேரடிப் பங்கு உண்டு. தோட்ட முதலாளிகளுக்கு ஆள் திரட்ட 1904இல் அமைக்கப்பட்ட சிலோன் லேபர் கமிஷனின் தலைமையகம் திருச்சியில்தான் இருந்தது. பிற்பாடு திருச்சி பொன்மலையில் ஒர்க்‌ஷாப் கட்டிய அதே தென்னிந்திய ரயில்வேதான் தோட்ட வேலைக்குப் போன சனங்களைத் தனுஷ்கோடிக் கரைவரை கொண்டுபோய் விட்டது. 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களின் வாரிசுகளில் பல லட்சம் பேரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப வழி செய்தது. பொன்மலையிலிருந்து அதிக தூரமில்லாத கொட்டப்பட்டு அகதிகள் முகாமில், இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் குடியுரிமை கேட்டு நீதிமன்றம்வரை போயிருக்கின்றன. இத்தனையையும் ஒரு பல்லவி பாரிஸ்காரருக்குச் சொல்லிவிடாது. அதைத் தேடிப் போக அவர் கையில் இருக்கக்கூடிய ஒரே நுனி, எழுதியவரின் பெயர்.

அந்தப் பெயர்தான் நழுவியது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்தார்கள். மறு வருடம் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அவர் இல்லை. ஊர்ச்சொத்தான மெட்டுக்குத் தனி உரிமை எதற்கு என்ற வாதமும் அப்போது எழுந்தது. ஒப்பாரி மெட்டு ஊருக்குப் பொதுதான், சந்தேகமில்லை. அதில் வள்ளியம்மாளின் தேயிலைத் தோட்டத்தைக் கொண்டுவந்து வைத்தவர் ஊர் அல்ல, அவருடைய பேரன்.