சிரிப்புக் காட்சியில் திணறிய மூச்சு

2018-இல் வந்த 'பீட்டர் ராபிட்' படத்தில் ஒரு காட்சி. பிளாக்பெர்ரி பழம் ஒத்துக்கொள்ளாத ஒருவரின் வாய்க்குள் முயல்கள் அதே பழத்தைக் கவணால் அடித்துவிடும். மூச்சுத் திணறும் அவர் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டு பிழைப்பார். இதைச் சிரிப்புக்காக எடுத்திருந்தார்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் கொதித்துப்போனார்கள். படத்தை வெளியிட்ட சோனி நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கேட்க வேண்டியதுதான்.

'ஹிட்ச்' படத்திலும் கடல் உணவு சாப்பிட்ட நாயகனின் முகம் வீங்குவது நகைச்சுவைதான். வீங்கிய முகம் கேமராவுக்குத் தீனி. ஆனால் உயிரைப் பறிப்பது தொண்டை அடைப்பதும் இரத்த அழுத்தம் சரிவதும். சிலருக்குத் தோலில் ஒரு தடிப்புகூட வராது.

படத்தை விட்டு நம் ஊருக்கு வருவோம். ஓட்டப்பிடாரம், கோவில்பட்டிப் பக்கம், சிலருக்கு ஒவ்வாமை தரும் நிலக்கடலை இல்லாத பலசரக்குக் கடை ஏது? 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயில், பாகில் உருட்டிய பருப்பு கண்ணுக்குத் தெரியும். சட்னியில் அரைத்துவிட்ட நிலக்கடலை தெரியாது. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அதுதான் ஆபத்து. பரிமாறுகிறவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, குரல் கம்மி, மூச்சு இழுத்தால் கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள். தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. பிள்ளையை நடக்கவிடாமல், உடனே 108-ஐ அழையுங்கள்.